அபர்டீனில் பார்த்தது

அக்டோபர் முதல் சனிக்கிழமை, கிளென் வேவர்லி செல்லும் ரயில். எதிரே ஐம்பது தாண்டிய ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. ஜூலையில் ஸ்கொட்லாந்தில் நண்பர் சிவாவின் வீட்டுக்குப் போய் வந்த படங்களைக் கணவர் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அபர்டீனில நான் பாத்தது ஒரு குசினியும் அடுப்பும்தான்,” என்றார் மனைவி.

“ஏன், கடல் பாக்கேல்லையோ?”

“பாத்தனான். உங்கட ஃபோனில, கோல்ஃப் பந்துக்குப் பின்னால.”

“உம்மைத் தனியவே விட்டனான்? சிவான்ர மனிசியோடதானே விட்டனான்.”

“ஓம், மூண்டு நாளும். நீங்கள் ரெண்டுபேரும் காலமையே கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு போயிடுவியள். அவ உங்களுக்கு விருந்து சமைக்க, நான் கதிரையில இருந்து பாக்கிறதோ? வெங்காயம் உரிச்சனான். கடற்கரைக் கோட்டையைப் பாக்கத்தானே நான் அவ்வளவு தூரம் போனனான்!”

“அவவைக் கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பா.”

“அவவே இன்னும் பாக்கேல்லையாம். பதினைஞ்சு வருசமா அங்க இருக்கிறா. ஆர் வந்தாலும் சமையல்தானாம்.”

கணவர் ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “சரி, டிசம்பர்ல அவையள் எங்களிட்ட வருகினம்தானே. நானும் சிவாவும் கோல்ஃபுக்குப் போனால், நீர் அவவோட...”

“நானும் அவவும் கடல் பாக்க இங்கத்தைய கிரேட் ஓஷன் ரோட்டுக்குப் போறம். மூண்டு நாள். ஹோட்டலும் புக் பண்ணியாச்சு.”

“அப்ப எங்கட சாப்பாடு?”

“சிவாவுக்கு இடியப்பம் எண்டால் நல்ல விருப்பமாம். விடியவே எழும்பிப் பிழியத் தொடங்குங்கோ.”