கிழக்குச் சுவரில் ஒரு கதவு

சீசா என்ற ஊரிலிருந்து வந்த பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் கைபேசியைப் பார்த்தபடி பக்கத்தில் இருந்தவரிடம் கூவினார்: "அக்கா, பிள்ளையாருக்கு வாசல் கிடைச்சிட்டுது!"

"மெல்லக் கதை, சனம் பார்க்குது. எந்தப் பிள்ளையார்?"

"இங்கிலாந்திலை, கென்ற் பக்கம் அண்ணாக்கள் கோயிலாக்கிற பழைய சேர்ச். கிழக்கு வாசல் இல்லை, சுவரை உடைக்கவும் அனுமதியில்லை எண்டு தவிச்சவை. அந்த மாவட்டத்துச் சேர்ச்சுகளின்ரை பழைய படங்களுக்குள்ளை இந்தச் சேர்ச்சின்ரை படமும் இருந்திருக்கு. பாருங்கோ, கிழக்கிலை கதவு! பிறகுதான் அடைச்சிருக்கினம்."

"இனித் திறக்க விடுவினமோ?"

"ஓம், முன்னம் இருந்த கதவெண்டபடியால் விடுகினமாம்!"

"அந்த ஊர்ச் சனத்துக்கு மனம் நோகாதே?"

"படத்தைத் தேடித் தந்ததே, அந்தச் சேர்ச்சிலை கடைசியாய் ஓர்கன் வாத்தியம் வாசிச்ச அந்த ஊர் மனுசிதான். கதவு திறக்கிற அண்டைக்குத் தானும் வந்து வாசிக்கலாமோ எண்டு கேட்டவ."

அக்கா கைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"மேளம் முடிஞ்ச கையோடை வாசிக்கச் சொல்லு."