ஒரு தட்டுன்னா நில்லு

...அட, அறையாத தம்பி! மெள்ள சாத்து. ஆங்... கேட்டியா? "தொப்." அவ்ளோதான் சத்தம். போன மாசம் வரைக்கும் இந்த வண்டிக் கதவ சாத்துனா வைத்திக்குப்பத்து நாய் பூரா எழுந்து நிக்கும். இப்பப் பாரு, தலவாணி மேல தலவாணியப் போட்ட மாதிரி இருக்கு. இத்தப் போயி கொறன்னு சொல்றா, இனியவன் தம்பி! ஒலகத்துல எந்தப் பொண்டாட்டியாவது சொல்லுவாளா?

கண்ணாடிய எறக்காத, எறக்காத! சத்தம் உள்ள வந்துரும்.

சரி, கெளம்பலாம். நீ எங்க பக்கத்து வூட்டுக்குக் குடிவந்து நாலு நாளுதான் ஆவுது. இருந்தாலும் ஒன்ன நம்மூரு மேட்டுப்பாளையம் கம்பெனி வாசல்லயே எறக்கி வுடறேன். பதிலுக்கு ஒரே ஒரு வேல. ஒம்பக்கம் இருக்குதே சைடு கண்ணாடி, அதயே பாத்துக்கினு வா. பின்னாடி மீன் கூடைங்களோட எம்பொண்டாட்டி கன்னியம்மா நிக்கறா, தெரியுதா? ஆங், கைல தராசு எடக்கல்லோட. அவ நம்ம தலைக்கு மேல இந்தக் கூரையத் தட்டுனா நீ எனக்குச் சொல்லணும். ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா போ. பதினெட்டு வருசமா இப்பிடித்தான் தெருத் தெருவா மீன் விக்கறோம். இன்னிக்கி ஒரு தட்டு தவறுனாக்கூட நாளைலேர்ந்து இன்னொரு மீன் வண்டிக்காரன் அரிகிருஷ்ணன் வண்டியில ஏறிடுவாளாம். காலைல அடுப்பத் தொட்டு சத்தியம் பண்ணிட்டா.

அவ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன் சொல்லு? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். மீன் விக்கத் தெரியுமா? யாராவது மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கேட்டா வஞ்சரத்த சும்மாவே தூக்கிக் குடுத்துருவேன். அதனாலதான் சொல்றேன், கண்ணு அங்கேயே இருக்கட்டும்.

இப்பக் கீழ பாரு. அட, அங்கயே பாத்துக்கினு இருந்தா எப்பிடி? கீழ, ஒங்காலுக்கு அடியில! எப்பிடி இருக்குது கால்மிதி ரப்பர் மேட்டு? முன்ன இங்க தரையே கெடையாது தம்பி. கூடைல இருந்து ஐஸ் தண்ணி சொட்டிச் சொட்டி தகரம் பூரா துரு. ஓட்ட வழியா ரோடு தெரியும். ஒரு நாளு எஞ்செருப்பு ஒண்ணு அது வழியா எறங்கிப் போயிருச்சு. மழ பேஞ்சா வண்டி ஓட்டிக்கினே கால் கழுவிக்கலாம். இதுல என்ஜின் வேற சீட்டுக்கு அடியில... சித்திர மாசத்துல குந்துனா இட்லி மாதிரி வெந்துருவேன். சத்தம்? கேக்காத. நானே பேசுனா எனக்கே கேக்காது. எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துருக்கும், நெனச்சிப் பாரு!

அப்பத்தான் மேட்டுப்பாளையத்துல பலராமன் பட்டறைக்குப் போனேன். சீட்டக் கழட்டுனான். பழைய மேட்ட உரிச்சான். அடியில இன்னா கெடந்துச்சு தெரியுமா? நாலு நெத்திலி, நல்லா காஞ்சி கருவாடா! கம்பி பிரஷ்ஷு போட்டு துருவச் சொரண்டி, ஓட்டைக்கெல்லாம் புதுத் தகரம் வெச்சி, செவப்பு பெயிண்டு அடிச்சி... அப்புறம் ஒரு கறுப்பு ஷீட்டு. ஒரு பக்கம் வெள்ளித்தாளு, மறுபக்கம் தாரு மாதிரி பச. அத ஒட்டி, சின்ன உருளைய வெச்சி சப்பாத்தி தேய்க்கற மாதிரி தேய்ப்பான். தகரம் அதுராதாம். அதுக்கு மேல மெத்துமெத்துனு ஃபோமு, சூடு ஏறாம இருக்க. அதுக்கு மேல...

இன்னா தம்பி, கைய நீட்டற? மணிக்கூண்டா? ஆமா, முத்தியால்பேட்ட மணிக்கூண்டுதான். புது ஊருல்ல, ஆசையா இருக்கும். இன்னொரு நாளு எறங்கிப் பாக்கலாம். இரு, முடிச்சிடறேன்.

அதுக்கு மேல இந்த மேட்டு. பலராமன் சொன்னான், "அண்ணே, தரைக்கும் கதவுக்கும் போட்டா போதும்ணே. கூரைய வுட்டுடு"ன்னு. நான் வுடுவனா? கூரைக்கு ரெண்டு அடுக்குன்னேன். முதுகுப் பக்கம் இருந்த சின்ன சன்னலு மேலயும் ஒட்டுன்னேன். கேட்ட மாதிரியே ஒட்டிட்டான்.

மொத நாளு ஓட்டிக்கினு போறேன். ஆகா... கோயில்ல குந்துன மாதிரி அமைதி. எம்பக்கம் கண்ணாடிலப் பாத்தா, நாலு பொம்பளைங்க சட்டி ஏனத்தத் தூக்கிக்கினு வண்டி பின்னாடி ஓடியாறாங்க. எனக்கு இன்னா தோணும்? புது வண்டியாட்டம் இருக்குதேன்னு ஆசையாப் பாக்கறாங்கன்னு நெனச்சி, நல்லா கைய ஆட்டிட்டுப் போயிட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்சன் வாங்கற சொல்தா வூட்டு ஜெயம் அம்மா, முட்டி வலின்னு மாடிப்படி கூட ஏற மாட்டாங்க. அவங்க ஓடி அன்னிக்கித்தான் பாத்தேன்! கன்னியம்மா எடக்கல்லால தட்டித் தட்டி கூரைத் தகரத்துல ஆறு சொட்ட வுழுந்துருச்சு. எனக்கு ஒண்ணு கூட கேக்கல. என் தப்பா அது?

இன்னா, மறுபடியும் பின்னாடியே காட்டற? ஓ, அந்த ஆயம்மா கைய ஆட்டுதா? நீயும் ஆட்டு தம்பி. லாஸ்பேட்ட ஜனம் பாசக்கார ஜனம்.

ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். வெளிய வுடாத. வுட்டாலும் போவாது, அதான் ஷீட்டு ஒட்டிருக்கேனே! அந்தச் சின்ன சன்னலு இருந்துச்சே, அது வழியா பதினெட்டு வருசமா ஒரு கொரலு. "எடதுல பள்ளம். கியர மாத்து. மாட்டப் பாரு. நேத்து சாயந்திரம் எங்க போன?" பள்ளம், கியரு, மாடு, நேத்து. பள்ளம், கியரு, மாடு, நேத்து! மனுசன் எத்தினி நாளுதான் தாங்குவான்? தர துருப்புடிச்சது ஒரு சாக்கு தம்பி. சாக்கோட சாக்கா சன்னல அடச்சேன், கூரைய அடச்சேன். கொரலு நின்னு போச்சு. தட்டற சத்தமும் கூடவே நின்னு போவும்னு நான் யோசிக்கல... சரி, என் தப்புதான். கன்னியம்மா கிட்ட மட்டும் சொல்லிறாத.

எதுக்கு என் சட்டயப் புடிச்சி இழுக்கற? நீ வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்! நானும் பாக்கறேன், ஏறுனதுலேர்ந்து ஒரு வார்த்த பேசல நீ. இரு, சிக்னல் செவப்பு.

தொறக்காத! கதவத் தொறக்காதடா தம்பி! ஐயையோ, எத்தினி ஆரனு! எத்தினி... கன்னியம்மா? நீ எப்ப எறங்குன?

மணிக்கூண்டாண்டயா? லாஸ்பேட்டயிலயுமா? ரெண்டு எடத்துலயும் தட்டுனியா? இந்தத் தம்பி சொல்லவே இல்லியே! சொல்லு தம்பி, நீ சொன்னியா? இன்னாது, நான் வாய மூடுனாத்தானன்றியா? தம்பி... எங்க ஏறுற? கூடைங்க நடுவுலயா! கம்பெனிக்குப் போற சட்டடா அது!

கன்னியம்மா, வேணாம். அரிகிருஷ்ணன் வண்டிக்குப் போவாத. நாளைக்கே கூரைய உரிச்சிடறேன், சன்னலத் தொறந்துடறேன்... போவலியா? நெசமாவா? பின்ன? இங்கயா? முன்னாடியா? குந்து குந்து, தாராளமா குந்து! மேட்டு நல்லாருக்குல்ல? நாளைக்குமா? தெனமும் இங்கதானா?

இல்ல... கதவ மட்டும் கொஞ்சம் தொறந்தாப்புல வெச்சிக்கினா...

"தொப்."

கேக்குது கன்னியம்மா. கத்தாத, நல்லாக் கேக்குது. இங்க வேற சத்தமே இல்ல. பள்ளமா? பாத்துட்டேன். கியரா? மாத்திட்டேன். மாடா? தெரியுது.

நேத்தா...?