இரண்டு ஞாயிறு வாசித்த ஓலை

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. போனில் கேட்கிறது. முதலில் தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு கூவல். பிறகு ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த நொடிதான் பொல்லாதது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" அப்பா கத்துகிறார்.

வெடிக்கிறது. மண் கொட்டுகிறது. ஒரு பெண் அலறுகிறாள். என் தங்கச்சி யசிந்தாவா, அம்மாவா, தெரியவில்லை.

2009 பெப்ரவரி. செவ்வாய்க்கிழமை. மொன்றியலில், லாசாலில், காலை ஏழு பத்து. இலங்கையில், வீட்டார் ஓடி ஒதுங்கியிருக்கும் மாத்தளன் கடற்கரையில் பின்னேரம் ஐந்து நாற்பது. நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். தெருவில் பனி வழிக்கும் வண்டி உறுமுகிறது. வாயை மூடு என்று அந்த வண்டியைப் பார்த்துக் கத்துகிறேன். அப்பா யாரிடமோ இரந்து வாங்கிய சற்றலைட் போன். இரண்டு நிமிடம்தான். யசிந்தாவுக்கு எட்டு மாதம் என்கிறார். பங்கர் குழிக்குள் குனிய முடியவில்லை என்கிறார். லைன் அறுகிறது.

நான் ஷெல்லடிக்குள் இருக்கவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். 2001இல் மொன்றியல் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து என்னை வெளியே எடுத்தார்கள். படத்தைப் பார்த்தேன், கழுத்தை நீட்டினேன். தப்பினேன். தப்பியவள் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது?

2007க்குப் போகிறேன். மன்னாரில் அடம்பன், எங்கள் ஊர். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்துக்குச் சண்டை பிடிக்க ஆள் பிடிக்கிறார்கள். கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஊரெல்லாம் கலியாணம். தாலி ஏறினால் உயிர் தப்பும். யசிந்தாவுக்குப் பதினெட்டு வயது. அவளுக்குப் பார்த்தது பக்கத்து வீட்டு ரொபினை. இருபது வயதுப் பொடியன். இரண்டு பேருக்கும் சம்மதம்.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கலியாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனும் இன்னார் மகளும் கலியாணம் கட்டப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமி வாசிப்பார். அவசரமென்றால் ஓலையைத் தவிர்க்க அனுமதி உண்டு. சாமி நல்ல மனிதர். தானாகவே வீட்டுக்கு வந்து அந்த அனுமதியைத் தருவதாகச் சொன்னார். அப்பா என்னிடம் கேட்டார். கனடாக்காரியின் சொல்லுக்கு வீட்டில் அவ்வளவு மதிப்பு.

"பிள்ளை, சாமி நாளைக்கே கட்டி வைக்கிறாராம். ஓலை வேண்டாமாம்."

"களவுக் கலியாணமோ அப்பா? வயித்தில வந்திட்டுது எண்டெல்லோ கதைப்பாங்கள். மூண்டு ஞாயிறும் வாசிச்சுக் கட்டுங்கோ. இஞ்ச கோயில் சனத்துக்கு நான் வீடியோ காட்டவேணும்."

வீடியோ. அதைத்தான் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள். கட்டாத பிள்ளைகள் இரண்டு இங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை விடிய வந்தார்கள். ரொபினைக் கொண்டுபோனார்கள். யசிந்தா பெரியம்மா வீட்டில் நின்றதால் அகப்படவில்லை. இருபத்திரண்டாம் நாள் பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்றார்கள்.

அந்தக் கிழமை என் பிரெஞ்சு வகுப்பில் ஓர் அரசகுமாரியின் பாடம். அறுநூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக்காரி. இரண்டு நாட்டுக்கும் தீராத சண்டை. அதை நிறுத்தத் தகப்பன் அவளை இங்கிலாந்து ராசாவுக்குக் கட்டிக்கொடுத்தான். அவளுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. ராசாவுக்கு இருபத்தொன்பது. பத்து வயதில் விதவை. புருசனின் மணிமுடியைப் பறித்தவனே தன் மகனுக்கு அவளைக் கேட்டான். கறுப்புடுத்திக்கொண்டு மாட்டேன் என்றாள். நகைகளை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். பதினாறில் திரும்பவும் கலியாணம். மாப்பிள்ளைக்குப் பதினொன்று. சித்தப்பாவின் மகன். எங்கள் முறைக்குத் தம்பி. கலியாணத்தன்று அழுதாளாம்.

வகுப்பில் எல்லோருக்கும் கோபம். கொலம்பியாக்காரி மேசையில் அடித்தாள். என் முறை வந்தது. தகப்பன் மகளை விற்றான் என்று பிரெஞ்சில் சொன்னேன். ஒரு பிழையும் விடவில்லை. ஆசிரியை "பிராவோ" என்றார். எனக்கு வெட்கம் கெட்ட சந்தோசம்.

பத்தேகாலுக்கு இடைவேளை. அப்பா போன் எடுக்கிறார். தாலி ஏறாததால் யசிந்தா இன்னும் குமர். திரும்பவும் வருவார்கள். அந்தோனி என்று ஒருவர் இருக்கிறார். நாற்பத்தொரு வயது. தாரமிழந்தவர். மிதிவெடியில் ஒரு கால் போனவர். அவரை எவரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

"அவள் அழுகிறாள். நீ கதை, பிள்ளை."

தங்கச்சி போனை வாங்கினாள். "அக்கா, ரொபினுக்கு முப்பத்தொண்டாம் நாள் பூசை கழியட்டுமே?"

அவ்வளவுதான் கேட்டாள்.

"உயிர் வேணுமெண்டால் நாளைக்கே கட்டு," என்றேன். "பேந்து அழலாம்."

மறுநாள் சாமியின் அறையில் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஓலையும் இல்லை, வீடியோவும் இல்லை. அன்று நான் சொன்ன கையோடு போனை வைத்துவிட்டு வகுப்புக்குள் போனேன். பாடத்தில் கடைசிப் பந்தி இருந்தது. அரசகுமாரி பத்தொன்பது வயதில் பிள்ளை பெற்றுச் செத்தாள். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அந்தோனியைப் பற்றி மொன்றியலில் எவருக்கும் சொல்லவில்லை. நொண்டி மாப்பிள்ளை என்று எனக்குக் கூச்சம். ஒன்றரை வருடம் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

2009 ஜூன். அகதி முகாமிலிருந்து அந்தோனி போன் எடுக்கிறார். அவர் குரலை முதல்தடவை கேட்கிறேன். என்னை அக்கா என்கிறார். என்னிலும் மூத்தவர். யசிந்தாவுக்கு வலி வந்ததும் ஊன்றுகோலை எறிந்துவிட்டு, அவளைத் தறப்பாள் விரிப்பில் கிடத்தி, மணலில் குந்தியபடியே பின்பக்கமாக இழுத்தாராம். மருந்து கொடுக்கும் இடம் வரை இழுத்தாராம். அங்கே ஒருவரும் இல்லையாம். என்னை மன்னியுங்கோ என்கிறார். என்னிடம் கேட்கிறார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது.

ரொபின். இருபது வயது.

அப்பா. அந்தச் செவ்வாய்க்கிழமையே.

அம்மா. காயத்தோடு ஆறு நாள் கிடந்து.

யசிந்தா. மார்ச் மாதம். இருபதுக்கு இரண்டு மாதம் குறைவு. இரத்தம் நிற்கவில்லை.

வீடு. கோயில் கூரை. அந்தோனியின் மற்றக் காலில் மூன்று விரல்.

பிள்ளை. பெண். ஒரு மணிநேரம் இருந்தது. அந்தோனியே போத்தல் தண்ணீரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று யசிந்தா முதலே சொல்லி வைத்திருந்தாளாம்.

"மெற்றில்டா," என்றார்.

அது என் பெயர்.