காவலுக்குக் கொடுத்த வீடு

— ரெண்ட் கண்ட்ரோல் ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன் நோரா. வேதாந்தம் சாருக்கு மாம்பலத்துல சொந்த வீடு இருக்கு, அதுல அவரே குடியிருக்கார். அதனால இந்த வீட்டை விட்டு நம்மை அசைக்க முடியாது. சட்டம் நம்ம பக்கம்.

— சட்டம், சட்டம்! காலையில எழுந்ததுலேருந்து இதே பாட்டு. வீட்டுக்காரர் வர்றார்னதும் சண்டைக்குப் போறாப்ல சட்டையை மாட்டிகினு நிக்கிறீங்க.

— வேற இன்னா பண்ணச் சொல்றே? "குழந்தைகள் விஷயமாப் பேசணும், ஞாயித்துக்கிழமை வரேன்"னு ஆபீஸுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். நம்ம பிள்ளைங்க விஷயம் அவருக்கு எதுக்கு? காலி பண்ணச் சொல்லத்தான் வரார்.

— வரட்டும். நல்ல மனுஷன்தான். நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் வரான்னு மைலாப்பூரே எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடிச்சே, அப்ப இந்த வீட்டை நம்பி யார் கையில குடுத்தார்? சாந்தோம்ல எங்கம்மா வீட்ல ஒரே ரூம்ல கிடந்தோம். மறந்துட்டீங்களா?

— நல்லவர்னா குடுத்தார்? பூட்டிப் போட்டா திருடன் புகுந்துடுவான். தந்தி ஆபீஸ்காரன் ஊரை விட்டு ஓட முடியாது, அதனால நான் கிடைச்சேன். குண்டு விழற ஊர்ல என் பெண்டாட்டி பிள்ளைங்களைக் காவல் வெச்சுட்டு அவர் திருவையாத்துக்குப் போனார். அங்க உட்கார்ந்துகினே, பயந்து வித்தவன் ஒருத்தன்கிட்ட மாம்பலத்து வீட்டையும் வாங்கிட்டார்.

— வாங்கினா வாங்கட்டும். உள்ள கால் வெச்ச அன்னிக்கு, கிணத்தையும் மாடியையும் பார்த்துட்டு, "நம்ம பிள்ளைங்க இங்கதான் வளரணும்"னு சொன்னது யாரு? நீங்கதானே?

— இப்பவும் அதான் சொல்றேன். இந்தத் தெருவுல எந்த ஜன்னலைப் பார்த்தாலும் ஒரு பையன் சத்தம் போட்டுப் படிச்சுகினு இருக்கான். அதைக் கேட்டே நம்ம சின்னவன் வாய்ப்பாடு கத்துகினான். நான் படிச்ச மாதிரி மீன் கூடை சந்துல உட்கார்ந்து அவன் படிக்க வேணாம்.

— தெருவைப் பத்தி எனக்குச் சொல்ல வேணாங்க. அபாயச் சங்கு ஊதினப்ப எதிர்வீட்டு அம்மா என் மடியில தலையை வெச்சுகினு நடுங்கினாங்க. அந்த வருஷம் கொலுவுல நம்ம கிளாடிஸை நடுக்கூடத்துல உட்கார வெச்சுப் பாடச் சொன்னாங்க. அப்புறம் ஓடினவங்க ஒவ்வொருத்தரா திரும்பி வந்தாங்க. போன கொலுவுக்கு, அவளை வாசப்படிக்கு வெளியே நிக்க வெச்சுச் சுண்டலைக் குடுத்து அனுப்பிட்டாங்க. பொண்ணு அதை வாயிலயே வெக்கலை, காக்காய்க்குப் போட்டுட்டா.

— அப்புறமும் நல்ல மனுஷங்கன்னு சொல்றே.

— தெருவைச் சொல்லலை, வேதாந்தம் ஐயாவைச் சொல்றேன். தன் சாமியையே நம்ம கையில ஒப்படைச்சுட்டுப் போனவர். "எங்க பாட்டனார் காலத்து சாமி, இடத்தை விட்டு அசைக்கப்படாது. பூஜையறையைப் பூட்டிட்டேன். சாயங்காலமானா கதவுக்கு முன்னால ஒரு விளக்கு மட்டும் ஏத்துங்கோ"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். எந்த ஐயர் நம்மகிட்ட அப்படிக் கேப்பார்?

— அந்த விளக்கால நீ பட்டது போதாதா?

— பட்டா பட்டேன். வாக்கு குடுத்தேன்ல. இந்தாங்க, வாசல்ல ரிக்ஷா நிக்குது, அவர்தான். சட்டம் கிட்டம்னு ஆரம்பிக்காதீங்க, சொல்லிட்டேன். வாங்க ஐயா, வாங்க! நாற்காலில உட்காருங்க.

— இருக்கட்டும் அம்மா, இப்படி நிக்கறேனே. சரி, சித்த உட்காரறேன். என்ன வில்லியம், சௌக்கியமா? வீட்டை என்னமா வெச்சிண்டிருக்கேள்! தரையில முகம் தெரியறது.

— காப்பி கொண்டாரட்டுங்களா ஐயா?

— வேண்டாம் வேண்டாம், இப்பத்தான் ஆத்துல சாப்பிட்டுட்டு வரேன்.

— அப்ப தண்ணியாவது? உங்க கிணத்துத் தண்ணிதானே.

— வேண்டாம்மா. வெயில்ல வந்ததும் ஜலம் குடிச்சா நேக்கு உடனே தொண்டை கட்டிடறது.

— விடு நோரா. சாருக்குத் தாகம் இல்லை. சொல்லுங்க சார், பிள்ளைங்க விஷயம்னீங்களே?

— நான் சொல்றதைக் கேளுங்கோ வில்லியம். உங்க அண்ணா சொல்றதா நினைச்சுண்டு கேளுங்கோ. குழந்தைகள் எந்த இடத்துல வளர்றாளோ அதுதான் ஆயுசு பூரா ஒட்டிக்கும். இப்ப வாசல்ல உங்க கிளாடிஸ் என்னைப் பார்த்துட்டு, "அம்மா ஆத்துல இருக்கா"ங்கறா! நேக்குச் சிரிப்பு வந்துடுத்து. அப்புறம் யோசிச்சேன். இந்தப் பேச்சைப் பேசிண்டு வளர்ந்தா நாளைக்கு அவளை உங்களவாள்ல யார் கல்யாணம் பண்ணிப்பா?

— பொண்ணு இன்னும் பாவாடை சட்டையில கீது சார். அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

— இருக்கணும் வில்லியம். சாந்தோம்ல ராஜநாயகம்னு என் சிநேகிதர், வாத்தியார், உங்களவர்தான். அவர் வீட்டு மாடி காலியா இருக்கு. நடக்கற தூரத்துல கோயில், பக்கத்துலயே பள்ளிக்கூடம், கடல் காத்து. நானே போய்ப் பேசி முடிச்சுட்டேன். குழந்தைகளை அவாவா மனுஷா நடுவுல வளர்க்கறதுதான் அழகு.

— எங்க பிள்ளைங்க எங்க வளரணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நல்லது சார். நானும் வீடு தேடிப் பார்த்தவன்தான். அபிராமபுரத்துல கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி பேர் இன்னான்னு கேட்டாங்க. சொன்னதும், வீட்ல வெள்ளையடிக்கணும், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. ஆழ்வார்பேட்டையில ஒருத்தர் ரொம்ப மரியாதையா, "நீங்க என்ன சாப்பிடுவீங்க"ன்னார். உங்க மாம்பலம் புது ஊராச்சே, அங்கயாவது பழைய புத்தி இருக்காதுன்னு போனேன். வீடு புதுசாத்தான் இருந்துச்சு சார்.

— கோச்சுக்காதேங்கோ. அதைத்தானே நானும் சொல்றேன், சாந்தோம்ல அந்தத் தொந்தரவே கிடையாது. நிஜத்தைச் சொல்லிடறேனே. எங்க பொண்ணு விஜயலக்ஷ்மிக்குக் கல்யாணம் ஆயிடுத்து. மாப்பிள்ளைக்கு மெட்ராஸுக்கே மாத்தல் ஆயிருக்கு. மாம்பலத்துல ஏற்கெனவே நாலு குடும்பம் சேர்ந்தாப்ல இருக்கோம். இந்த வீடு அவ பொறந்த ஆம்.

— விஜயலக்ஷ்மிக்கா கல்யாணம்? ஊருக்குப் போறன்னிக்கு என் கையைப் பிடிச்சுகினு அப்படி அழுதுச்சே அந்தப் பொண்ணு!

— நோரா, நீ சும்மா இரு. சார், சட்டப்படி பார்த்தா...

— தெரியும் வில்லியம். கேஸ் போட்டா உங்களுக்குத்தான் ஜெயம். அது தெரிஞ்சுதான் வக்கீலை அனுப்பாம நானே வந்தேன். மனுஷனுக்கு மனுஷன் கேக்கறேன்.

— மனுஷனுக்கு மனுஷன்னா, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுக் கேட்டிருக்கலாமே.

— நீங்க கேக்கறது நியாயம். ஒளிக்காமச் சொல்றேன். என் ஆத்துக்காரி நீரஜா ஒரு மாதிரி. நீங்க காலி பண்ணினதும் கிணத்தை எறைக்கணும், சாஸ்திரிகளைக் கூப்பிட்டுப் புண்யாவசனம் பண்ணி மூலைமூலையாத் தீர்த்தம் தெளிக்கணும், அப்புறம்தான் உள்ளே அடி வைப்பேன்ங்கறா. நேக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

— நம்பிக்கை கிடையாது. ஆனா செய்வீங்க.

— ஆத்துல சமாதானம் வேண்டாமா வில்லியம்?

— நீங்க கொஞ்சம் இருங்க கிளாடிஸ் அப்பா. கிணத்தை எறைச்சுக்குங்க ஐயா, அது உங்க கிணறு. ஆனா சாந்தோம் போன்னு மட்டும் லேசாச் சொல்லாதீங்க. அங்க எங்க நிலைமை உங்களுக்குத் தெரியாது.

— ஏம்மா, அவா உங்க மனுஷாதானே?

— மனுஷங்கதான். நான் இங்க விளக்கு ஏத்தறது அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்ஞானிங்க சாமிக்கு விளக்கு வெக்கிறவன்னு சொல்லி மாதா சபையிலேருந்து பொம்பளைங்க என்னை விலக்கிட்டாங்க. பங்குச் சாமியார் தனியாக் கூப்பிட்டு, நிறுத்திடும்மான்னார். வாக்கு குடுத்துட்டேன் சாமின்னேன். என் ஞானத்தாய் தங்கபுஷ்பம் அம்மா, ஞானஸ்நானத்துக்கு என்னைக் கையில ஏந்தி நின்னவங்க, வழியில பார்த்தா முகத்தைத் திருப்பிகினு போறாங்க. கிளாடிஸ் புதுநன்மை, அதான் கோயில்ல முதல் அப்பம், வாங்கின அன்னிக்கு எல்லாப் பொண்ணுங்களுக்கும் விருந்து வெச்சாங்க, இவளை மட்டும் கூப்பிடலை. வெள்ளை கவுனோட வந்து இந்தக் கூடத்துல தனியா உட்கார்ந்து சோறு தின்னா ஐயா.

— அடடா! என்ன விளக்கும்மா அது?

— என்ன விளக்கா? நீங்க ஏத்தச் சொன்னதுதான். அதோ, பூஜையறைக் கதவுக்கு முன்னால.

— அதையா? இன்னுமா ஏத்திண்டிருக்கேள்? யுத்தம் முடிஞ்சே வருஷமாயிடுத்தே!

— நிறுத்துன்னு நீங்க சொல்லலையே. எனக்குக் காய்ச்சல்னா இவரை ஏத்தச் சொல்லுவேன். ஊரையே இருட்டடிச்ச நாள்லயும் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிட்டு ஏத்தினேன். சாமி இருக்கிற வீடுன்னு மீன், கறி, முட்டை ஒண்ணும் உள்ள விடலை. கிறிஸ்துமஸ்க்குக்கூட சாம்பாரும் வடையும்தான். முன்னெல்லாம் பிள்ளைங்க மீன் கேட்டு அழுதா எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிகினு போவேன். இப்ப அங்கயும் போறதில்லை.

— ஆபீஸ்ல எனக்கு ஐயர் வில்லியம்னு பேரே வெச்சுட்டாங்க சார். இவகிட்ட எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். அந்த மனுஷன் நம்பிக் கேட்டார்னு ஒரே பிடிவாதம்.

— நான்... நான் இதை எதிர்பார்க்கலை அம்மா.

— ஏன் ஐயா முகம் இப்படிப் போகுது? நான் குத்திக் காட்டலை. விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். கிளாடிஸ் அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். வீட்டைக் குடுத்துடலாம்.

— உனக்கு இன்னா பைத்தியமா? எந்த மூஞ்சியை வெச்சுகினு சாந்தோம்ல போய் நிப்பே?

— தங்கபுஷ்பம் அம்மா கால்ல விழறேன். தப்புன்னு நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கறேன். வேற வழி? அவங்க பொண்ணு பொறந்த வீடு, அவங்க சாமி குடியிருக்கிற வீடு. சட்டத்தைக் காட்டி நாம பிடிச்சு வெச்சுகினா அது பிள்ளைங்களுக்கு ஆகாதுங்க. பிள்ளைங்க பெரியவங்களாகி நல்ல தெருவா பார்த்துக்கட்டும்.

— நன்னா இருப்பேள் அம்மா. நீங்களும் உங்க குழந்தைகளும் நன்னா இருப்பேள்.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஐயா. போறதுக்கு முன்னாடி அந்தக் கதவை ஒரு தடவை திறந்து காட்டுங்க. உள்ள வரமாட்டேன், இங்கேயே நின்னு பார்த்துக்கறேன். இத்தனை நாளா விளக்கு வெக்கிறேன், எந்தச் சாமிக்கு வெச்சேன்னுகூட எனக்குத் தெரியாது.

— எதுக்கம்மா இப்போ? உள்ளே ஒரே தூசியா இருக்கும்.

— தூசி எனக்குப் புதுசா? கிறிஸ்தவச்சி கண்ணு படக்கூடாதுன்னா சொல்லிடுங்க. அப்புறம் கேக்கலை.

— சேச்சே, அப்படியெல்லாம் இல்லை.

— அப்ப திறங்க சார். என் பெண்டாட்டி ஒரு பைசா கேக்கலை, கொஞ்ச நாள் தவணைகூடக் கேக்கலை. கதவைத்தான் திறக்கச் சொல்றா.

— வில்லியம், நான் சொல்றதைக் கேளுங்கோ. உள்ளே... உள்ளே ஒண்ணும் இல்லை.

— ஒண்ணும் இல்லைன்னா?

— சாமியை அன்னிக்கே ரயில்ல எங்களோட கொண்டு போயிட்டோம். வழி பூரா நீரஜா மடியில வெச்சிண்டு வந்தா. இந்த அறையில நாலு சுவரும் ஒரு பலகையும்தான் இருக்கு.

— அப்ப கையெடுத்துக் கும்பிட்டு அவளை விளக்கு ஏத்தச் சொன்னது எதுக்கு சார்?

— தப்பா எடுத்துக்கப்படாது. ஆத்துக்குள்ளே மாமிசம் வரப்படாதேன்னு நேக்கு ஒரே கவலை. அதை முகத்துக்கு நேராச் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும். சாமி இருக்குன்னு சொன்னா நீங்களாவே பார்த்து நடந்துப்பேள்னு நினைச்சேன். உங்களை அவமானப்படுத்தப்படாதுன்னுதான் அப்படிச் சொன்னேன், சத்தியமா. ஏதோ ரெண்டு மாசம் ஏத்திட்டு விட்டுடுவேள்னு இருந்தேன்.

— நோரா. இங்க வா, இப்படி உட்காரு. அழாதே நோரா.

— நான் அழலைங்க. ஐயா, அந்தச் சாவியை இப்படிக் குடுங்க. காலி ரூமை எதுக்குப் பூட்டி வெக்கணும், இன்னியிலேருந்து என் பிள்ளைங்க அதுல படுக்கட்டும்.