நான் கேட்காத பத்து நிமிடங்கள்

நாற்பது ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, இன்று இந்த அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று சொல்ல ஒரு துணுக்கைக்கூட மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட பேராசிரியப் பெருந்தகை அவர்களே! எங்கள் காலை நேரங்களை மெட்டுகளால் நிறைத்த இசையமைப்பாளர்களே, பாடலாசிரியர்களே! பாட்டின் பின்வரிசையில் நின்று வாசித்து, பெயர்ப் பட்டியலில் இடம் பெறாமலே போன வாத்தியக் கலைஞர்களே! வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, என்னைப் பெறாமலே பெற்ற தாய்மார்களே! முன்வரிசையில் மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும் என் அத்தான் அவர்களே, அவர் பக்கத்தில் இருக்கும் என் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

என்னங்க? பின்னால் கேட்கவில்லையா? தம்பி, ஒலிவாங்கியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இப்போது? சரி. கேட்கவில்லை என்றால் உடனே கையைத் தூக்கிவிடுங்கள். கேட்காமலே தலையாட்டுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

'இணைய உலகில் பதிப்புரிமையும் நியாயமான பயன்பாடும்.' இது எனக்குக் கொடுத்த தலைப்பு. பேராசிரியர் பிரிவு பிரிவாகப் பிரித்து விளக்கிவிட்டார். படைத்தவனுக்கே படைப்பின் உரிமை. ஆனால் கற்பிக்க, விமர்சிக்க, விளக்க, பிறர் கொஞ்சம் எடுத்தாளலாம். எதற்காக எடுத்தான், எவ்வளவு எடுத்தான், படைத்தவன் பிழைப்பை அது கெடுத்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். நான் சட்டம் படித்தவன் அல்ல. சட்டத்தின் பெயரால் பொத்தானை அழுத்தியவன். நான்கு ஆண்டுகள் அழுத்தியவன்.

அந்த அறையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐந்தாவது மாடி. வெளிச்சம் திரையில் விழக்கூடாது என்று ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். நாற்பது நாற்காலி, நாற்பது திரை, பஞ்சு பிய்ந்த நாற்பது ஹெட்போன். பாட்டுக் கம்பெனிகளுக்காக எங்கள் நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. இணையத்தில் யாராவது ஒரு பாட்டைத் தொட்டால் இயந்திரம் கண்டுபிடித்துவிடும், பதிவைத் தடுத்துவிடும். 'நான் திருடவில்லை, நியாயமாகத்தான் பயன்படுத்தினேன்' என்று அந்த ஆள் மேல்முறையீடு செய்தால், அதை ஒரு மனிதன் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மனிதன் நான்.

தீர்ப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திரையில் பெயர் இருக்காது, முகம் இருக்காது. ஓர் எண் இருக்கும். மேல்முறையீட்டின் முதல் வரி இருக்கும். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் இருக்கும். காதில் ஒலிப்பது எது? முழுப் பதிவு அல்ல! பாட்டோடு ஒத்துப்போகும் துண்டு மட்டும் ஒலிக்கும். பத்து நொடி பாட்டு ஓடினால் அந்தப் பத்து நொடி. அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார்? தெரியாது. பின்னால் என்ன விளக்கினார்? தெரியாது. ஏன் எடுத்தார்? தெரியாது. எவ்வளவில் எவ்வளவு எடுத்தார்? தெரியாது. இப்போது பேராசிரியர் சொன்னாரே, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று, அது அத்தனையும் அந்தத் துண்டுக்கு வெளியே இருந்தது.

திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'முழுப்பதிவு' என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டால் எல்லாவற்றையும் கேட்கலாம். தொடக்கூடாது என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. தொட்டால் நேரம் போகும். நேரம் போனால், யார் எத்தனை முடித்தார் என்று காட்டும் சுவர்ப் பலகையில் என் எண் கீழே இறங்கும். நான் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் இருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

இப்போது என் அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். தங்கள் சின்ன மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்; கல்லாவில் அக்கா. மதிய இடைவேளையில் தேய்ப்பு இயந்திரம் நின்றதும், பின்னறையில், லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாரம் ஒரு பதிவு செய்வார். பழைய பாட்டில் பத்தே நொடி போடுவார். பிறகு பத்து நிமிடம் பேசுவார். "அந்த வரிக்கு நடுவுல பாடகி ஒரு மூச்சு எடுக்கறாங்க பாருங்க, அத மறைக்காம விட்டிருக்காங்க" என்பார். "மூணாவது வயலின் ஒரு மயிரிழை லேட்டா வருது. அது தப்பில்ல, அவர் காத்திருக்கார்" என்பார். ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று காட்டினார். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 'பத்து நொடி அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நான் கேட்டேனா? கேட்கவில்லை! ஒரு பதிவுகூடக் கேட்கவில்லை. "வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அதை வேறு போனில் போட்டுக் கேட்க வேண்டுமா?" என்று அக்காவிடம் கேலி பேசியிருக்கிறேன்.

அத்தானுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர். "பேச வேண்டியத எல்லாம் இந்த வாரமே பேசிடுங்க" என்றார். அக்கா போனை நீட்டி, "ஏதாவது பேசுங்க, பதிவு பண்ணி வச்சுக்கறேன்" என்று கெஞ்சினாள். அத்தான் சிரித்தார். "முந்நூத்துப் பன்னெண்டு வாரம் பேசியிருக்கேன். இன்னும் என்னத்தப் பேச? வேணும்னா போட்டுக் கேளு. போர் அடிச்சா நிறுத்திக்கலாம், நேர்ல அந்த வசதி கிடையாது" என்றார். அக்காவும் சிரித்துவிட்டு போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உயிர் தங்கியது. குரல் போனது.

பதின்மூன்றாம் நாள். ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய பாட்டுகளை எல்லாம் இயந்திரத்துக்குப் புதிதாகக் கொடுத்தது. ஒரே காலையில் அத்தானின் பதிவுகள் தடைபட்டன. அவர் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டே மேல்முறையீடு எழுதினார். முதல் மூன்றுக்கு எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? 'தயவுசெய்து முழுதும் கேட்டுப் பாருங்கள்.' அதுதான் முதல் வரி.

மூன்றும் என் திரைக்கு வந்தன.

முழுதும் கேளுங்கள் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். துண்டு ஒலித்தது, பாட்டு ஓடியது, சிவப்பை அழுத்தினேன். அடுத்தது, அழுத்தினேன். மூன்றாவது நல்ல பாட்டு. கூடவே முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினேன். மூன்று நிராகரிப்பு ஆனால் கணக்கை மூடி, பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. முந்நூற்றுப் பன்னிரண்டு வாரமும் அழிந்தது. நான் எழுந்து போய் டீ குடித்தேன்.

ஐயா! அம்மா! அது என் அத்தானின் பதிவு என்று எனக்கு ஏன் தெரியவில்லை? பாட்டு ஓடும்போது அவர் பேசமாட்டார். கேட்பவர்கள் கேட்கட்டும் என்று மரியாதையாக வாயை மூடிக்கொள்வார். நான் கேட்ட முப்பது நொடியும் அவர் மௌனமாக இருந்த நொடிகள்! பேசிய அரை மணி நேரம் ஒரு தொடுதலுக்கு அப்பால் இருந்தது. தொட்டிருந்தால் முதல் சொல்லிலேயே அடையாளம் கண்டிருப்பேனே! என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதரின் குரலாயிற்றே!

மாலையில் துவைத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "டேய் தம்பி, எல்லாம் போச்சுடா. எவனோ ஒரு படுபாவி, கேக்காமலே அழுத்தித் தொலைச்சிருக்கான்" என்றாள். போனை என் கையில் கொடுத்தாள். நிராகரிப்புக் கடிதம். அடியில் வழக்கம்போல ஒரு வரி: பரிசீலித்தவர், இருபத்தேழு.

அந்த இருபத்தேழு நான்தான்.

மறுநாள் என் மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "அழிச்சா அழிச்சதுதான்பா, வேற நகல் இருக்கும்ல?" என்றார். இல்லை. கடைக் கணினியில் இடம் போதாது என்று, ஒவ்வொன்றையும் இணையத்தில் ஏற்றியதும் அத்தான் இங்கே அழித்துவிடுவார். 'மேலதான் பத்திரமா இருக்கே' என்பது அவர் நம்பிக்கை.

நான்கு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் இருவரிடமும் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அத்தான் சிலேட்டை எடுத்தார். 'நீ முழுசாக் கேட்டியா?' என்று எழுதினார். இல்லை என்றேன். துடைத்தார். பிறகு எழுதினார்: 'பாட்டாவது நல்லா இருந்துச்சா?'

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் ஆறியிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கே வேலையை விட்டேன்.

இரண்டாவது வரிசையில் இசையமைப்பாளர் ஐயா ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் ஐயா. "அப்போ மெட்டுப் போட்டவன் பட்டினி கிடக்கணுமா?" நல்ல கேள்வி. கை தட்டுங்கள், தட்ட வேண்டிய கேள்விதான். கூடவே கூடாது ஐயா! பாட்டை முழுசாகச் சுருட்டி, உங்கள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர்களை அந்த அறையில் தினம் பார்த்தேன். அவர்களுக்குச் சிவப்பை அழுத்தியதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. வேலி வேண்டும். உங்கள் உழைப்புக்கு உறுதியான வேலி வேண்டும். ஆனால் அந்த வேலியில் சட்டமே ஒரு வாசல் வைத்திருக்கிறது. உங்கள் மூன்றாவது வயலின்காரரைப் பற்றி ஊருக்கு எடுத்துச் சொல்ல வந்தவர் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். வாசலில் காவலுக்கு நின்றவன் நான். ஆளைப் பார்க்காமலே விரட்டினேன்.

எட்டு மாதம் கழித்து, சரக்கு வேன் ஓட்டும் ஒருவர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். உடைந்த கண்ணாடியை நீட்டிவிட்டு, "பத்து நொடி அண்ணன் இங்கதான் இருக்காரா? அவர் சேனல் காணாமப் போச்சே" என்று கேட்டார். கல்லாவில் இருந்த அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிப் போனை எடுத்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. மலைப்பாதையில சிக்னல் இருக்காது. ஏதோ ஒரு ஆப் வச்சு ஒண்ண மட்டும் திருட்டுத்தனமா இறக்கி வச்சிருக்கேன்" என்றார்.

விதிப்படி அவர் செய்தது தவறு. நான் செய்தது வேலை! தவறு செய்தவர் கையில் என் அத்தானின் குரல் இருந்தது. வேலை செய்தவன் கையில் என்ன இருந்தது? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள், என்ன இருந்தது?

ஒரே ஒரு பதிவு. பத்து நிமிடமும் சில நொடிகளும். அக்கா அதை முதலில் கேட்டபோது நானும் கடையில் இருந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அத்தானின் பதிவை முழுதாகக் கேட்டேன். பாட்டைப் போடும் முன் அவர் ஒரு வாக்கியம் சொல்கிறார். எல்லாப் பதிவிலும் சொல்வாராம், ஊருக்கே தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் என் காதில் ஒலித்த துண்டு, சரியாக அந்த வாக்கியம் முடிந்த இடத்தில்தான் தொடங்கும். அன்றுதான் அக்கா என்னிடம் மறுபடி பேசினாள். "உக்காருடா, இன்னொரு தடவ கேப்போம்" என்றாள்.

அவையோரே! இன்று இந்த மன்றத்தின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. மேல்முறையீடு செய்தவரின் பதிவை ஒரு மனிதர் முழுதும் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தாலும் ஓராண்டுக்கு அழிக்கக் கூடாது. இவ்வளவுதான். இது இசையமைப்பாளருக்கு எதிரானதா? இல்லை. கம்பெனிக்கு எதிரானதா? இல்லை. ஐந்தாவது மாடியில் கறுப்புக் காகிதத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தம்பி, தன் வீட்டுக் குரலைத் தன் விரலாலேயே அழித்துவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு. கை தூக்குங்கள் என்று உங்களை இரந்து கேட்கிறேன். எனக்கு இனி எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. வேறு யாருக்காவது கிடைக்கட்டும்.

முடிக்கும் முன் அத்தானின் அந்தப் பதிவை இங்கே போட விரும்புகிறேன். நேரலையைக் கவனிக்கும் தம்பி அங்கிருந்து கையை ஆட்டுகிறார். என்ன தம்பி? பாட்டு ஒலித்தால் நம் நேரலையை இயந்திரம் அறுத்துவிடுமா? தலைவர் அம்மா, தங்கள் உத்தரவு? "போடுங்கள், அறுந்தால் அறுந்து போகட்டும்" என்கிறார். நன்றி அம்மா.

இவ்வளவு நேரம் ஒரு குற்றவாளியைப் பொறுமையோடு கேட்டீர்களே, அந்தக் காதுகளுக்கு என் நன்றி. வந்தவர்களுக்கும், வர முடியாமல் நேரலையில் இந்த நொடிவரை இருப்பவர்களுக்கும் என் வணக்கம். அத்தான், சிலேட்டைக் கீழே வையுங்கள். அந்த வாக்கியத்தை இன்றைக்கு உங்களுக்காக நான் சொல்கிறேன்.

"இப்ப நான் சும்மா இருக்கேன். நீங்க கேளுங்க."