மூணடித் திட்டு

— டேப்பை நீங்களே புடிச்சுப் பாருங்க செவந்தியக்கா. மூணடி. மண்ணெடுக்கக் குடுத்த பெர்மிட்டும் மூணடிக்குத்தான். ரிப்போர்ட்டுல நான் என்னன்னு எழுதுறது?

— திலகவதி மேடம், அந்தத் திட்டை வச்சு அளக்காதீங்க.

— வேற எதை வச்சு அளக்க? தோண்டுறதுக்கு முன்னாடி தரை எவ்வளவு ஒசரம்னு காட்டத்தானே கம்மாய் நடுவுல திட்டு விடுறது?

— எந்தலைக்கு மேல நின்ன திட்டு மேடம் இது. மேல வெட்டிட்டாங்க.

— போட்டோ இருக்கா?

— திட்டைப் போயி யாரு போட்டோ எடுப்பா?

— பைபாஸுக்கு மண்ணு வேணும்கா. ரோடே வேணாம்னு சொல்றீங்களா?

— யாரு வேணாம்னா? எம்மகன் அறந்தாங்கிக்கு வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறுறான். மேல கெடக்குற வண்டலை அள்ளட்டும், நாங்களே வயலுக்கு அள்ளுவோம். அதுக்கடியில இருந்த களிதான் தண்ணியத் தாங்குனது. போன கோடையில அதையும் அள்ளிட்டாங்க. இங்கிட்டுப் பாருங்க, மணலு தெரியுது. ஐப்பசியில நெறஞ்ச தண்ணி கார்த்திகைக்கு இல்ல. கதிரு வர்ற நேரத்துல முப்பது ஏக்கர் கருகுச்சு. அதுல ஒன்றரை என்னோடது. வயித்தெரிச்சலா இருக்கு மேடம்.

— புரியுதுக்கா. அளவு சரின்னு இன்னிக்கு நான் எழுதுனா கம்மாயில மீதிப் பாதிக்கும் பெர்மிட் குடுத்துருவாங்க. தப்புன்னு எழுதணும்னா சாட்சி வேணும். பாத்தவங்க யாராச்சும் சொல்லுவாங்களா?

— மாட்டாங்க.

— பயமா?

— வெக்கம்.

— இதுல என்ன வெக்கம்?

— நூறு நாள் வேலையில அளவெடுத்து முடிஞ்சா திட்டைக் கரைச்சிருவோம். அதான் வழக்கம். இங்க மண்ணு அள்ளி முடிச்சதும் ரோட்டுக் காண்ட்ராக்டரு வந்து, புள்ளைங்க ஏறி விழுதுங்க, மூணடி விட்டுட்டு மேல வெட்டிக் குடுங்கன்னாரு. அளந்தாச்சான்னு எங்கள்ல ஒருத்தரும் கேக்கல. ஏழு பொம்பளைங்க, டீ வடையோட, ஒரே காலையில முடிஞ்சுபோச்சு.

— ஆளுகளைக் கூட்டியாந்தது யாரு? பேரு வேணும். சொல்லிட்டேன், நாளைக்கு அவங்க மேலயும் கேஸு வரலாம். நூறு நாள் வேலையும் போயிரலாம்.

— செவந்தின்னு எழுதுங்க மேடம். மத்த ஆறு பேரு பேரும் எனக்கு மறந்துபோச்சு.