சின்னவனுக்கு வயசு ஜாஸ்தி

ஓரிக்கை போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எங்கூட்ல இப்போ பெரியவன விட சின்னவனுக்கு வயசு ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா.”

முறுக்கு தின்றுகொண்டிருந்த அக்கா திரும்பினாள். “இன்னாடி ஒளர்ற?”

“பெரியவன் கபடி ஆடறான் இல்ல? அந்த டீம்ல ஆட பதினெட்டு வயசு தாண்டியிருக்கக் கூடாதாம். அவன் மீசையப் பாத்துட்டு, பல்லு எக்ஸ்ரே எடுத்தா வயசு தெரிஞ்சிடும், எடுத்துக்கினு வான்னுட்டாங்க.”

“அவனுக்குத்தான் பத்தொம்போது நடக்குதே!”

“அதான் பெரியவன் பேர்ல சின்னவன அனுப்பிட்டேன். ரெண்டுத்துக்கும் ஒரே மூஞ்சிதானே. டாக்டர் படத்தப் பாத்துட்டு, கடைவாய்ப் பல்லு வேரு வரைக்கும் வளந்து முடிஞ்சிடுச்சு, இவனுக்கு இருவதுக்கு மேல இருக்கும்னுட்டாரு.”

“அடிப்பாவி! டீம்ல இருந்து எடுத்துட்டாங்களா?”

“அன்னிக்கே எடுத்துட்டாங்க. மனசு கேக்காம பெரியவனயும் கூட்டிக்கினு போயி வேற எடத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாத்தேன். அவனுக்கு அந்தப் பல்லு பாதிதான் வளந்திருக்குதாம். பதினேழு இருக்கும்னாங்க.”

அக்கா முறுக்கைக் கடிப்பதையே விட்டுவிட்டாள். “அப்போ அவனயே அனுப்பியிருந்தா…”

“ஆடியிருப்பான். இப்போ சின்னவன் கட்டில புடிச்சுக்கினான். பெரியவன் கீழ பாய்ல படுக்கறான். ‘தம்பி, தண்ணி கொண்டாடா’ன்னு அவனயே வேல வாங்கறான்க்கா!”

“பெத்தவ நீதானே? யாரு மொதல்ல பொறந்தான்னு சொல்ல வேண்டிதுதானே?”

“சொன்னேன்க்கா. ‘அதுக்கு எக்ஸ்ரே இருக்குதா’ன்றான்.”